இவனுக்கு என்ன குறை?

கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊரிலிருந்து), ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம்:

"என் மகனுக்கு 34 வயது. பெங்களூருவில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, நல்ல சம்பளம். இடையில் இரண்டு ஆண்டுகள் நெதர்லாந்தில் இருந்தான். சென்ற புரட்டாசியில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். முதல் மூன்று வாரம் நன்றாக இருந்தான். அலுவலக வேலை தொடங்கியபின் அறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சாக்கில் கட்டிக் கிடந்த காலிப் பாட்டில்களைத் தோட்ட வேலைக்கு வரும் பெண் எடுத்துக் காட்டி, 'கடையில் கொடுத்தால் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் தருவார்கள் டீச்சர்' என்றபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. மொத்தம் 43. எல்லாம் குவாட்டர், ஆறு வாரக் கணக்கு. மேசை இழுப்பறையில் தூக்க மாத்திரை அட்டையும் இருந்தது. இரவு 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான். இந்த முறை ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் வரவில்லை. என் மாமனார் குடித்தவர். அவர் காலத்தில் கஷ்டமும் கடனும் இருந்தன, குடித்தார் என்று ஏற்றுக்கொள்ள முடிகிறது. இவனுக்கு என்ன குறை? வெளிநாட்டிலும் எல்லாம் இருப்பவர்கள்தான் குடிக்கிறார்கள், போதை மருந்து எடுக்கிறார்கள் என்று அவனே சொல்கிறான். வசதி வந்த பிறகும் மனிதர்கள் ஏன் இதைத் தேடிப் போகிறார்கள்? கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். சாப்பாட்டில் கலக்க ஒரு பொடி இருக்கிறது என்கிறார் நாத்தனார். நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கேள்வி பெரியது. அதற்கு வருவதற்கு முன், கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காலையில் காபி டம்ளரை அவர் இரண்டு கையாலும் பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 43 பாட்டில்களைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது அந்த வரிதான்.

ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தியிலோ விஸ்கியிலோ சாராயத்தின் அளவு 42.8 சதவீதம். கணக்குப் பார்த்தால் ஒரு குவாட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. அதை நாள்தோறும் வாங்கிக்கொள்ளும் மூளை சும்மா இருப்பதில்லை. சாராயம் மூளைக்கு ஒரு பிரேக். பிரேக்கை எப்போதும் யாரோ மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், மூளை தன் பங்குக்கு ஆக்சிலரேட்டரை அழுத்தத் தொடங்குகிறது. மேட்டுப்பாளையம் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் இறங்கிப் பழகிய நமக்கு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் வண்டியின் கதி என்னவென்று தெரியும். திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால், அழுத்திய ஆக்சிலரேட்டர் அப்படியே இருக்க, வண்டி பாய்கிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று அது தொடங்கும். கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும், கடுங்காய்ச்சலும் வரும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தான நிலை அது. தூக்க மாத்திரையும் சேர்ந்திருப்பதால் இரண்டு பக்கமும் இடர்தான்: சேர்த்து எடுத்தால் தூக்கத்திலேயே மூச்சு ஒடுங்கலாம், இரண்டையும் ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும்.

ஆகையால் பாட்டிலைப் பிடுங்கி உடைப்பது, அறையில் வைத்துப் பூட்டுவது, கோயிலில் சத்தியம் வாங்கி நாளையிலிருந்து ஒரு சொட்டும் கூடாது என்பது ஆகிய எதையும் செய்யாதீர்கள். குடியை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மருத்துவர் பார்வையில், ஒரு வாரம் பத்து நாள் மருந்துகளோடும், பி1 வைட்டமின் ஊசியோடும் நிறுத்த வேண்டிய நிலைக்கு அவர் வந்துவிட்டார். அதை எங்கே, எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குன்னூரில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். "இவனுக்கு என்ன குறை?" என்ற கேள்வி என் காதில் விழாத வாரம் இருந்திருக்காது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதே கேள்வியைத்தான் நோயாளிகளிடம் கேட்டேன். பதில் வராது. தலையைக் குனிந்துகொள்வார்கள், அல்லது கேள்விக்கு மரியாதை செய்வதற்காக ஒரு குறையை அங்கேயே தயாரித்துச் சொல்வார்கள். பிறகுதான் கேள்வியை மாற்றினேன். குடி உங்களுக்கு என்ன வேலை செய்து தருகிறது என்று கேட்கத் தொடங்கினேன். அதற்கு எல்லோரிடமும் பதில் இருந்தது.

உங்கள் மாமனாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பனியில் நனைந்து நாள் முழுக்க உழைத்தவருக்குக் குடி வலியை மறக்கவைத்தது, கடன்காரன் முகத்தை ஒரு இரவுக்கு மறைத்தது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்றும் சொல்லியிருப்பார். இந்த மலையில் அதைச் சொல்லாதவர் இல்லை. உண்மையில் சாராயம் தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் சூடு ஏறியது போலத் தோன்றும், உடலின் உள்சூடு வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும். உறைபனி இரவில் குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடப்பவர்கள் விறைத்துப்போவது இதனால்தான். போகட்டும், அவருக்கு அது அந்த வேலையைச் செய்கிறது என்ற நம்பிக்கையாவது இருந்தது.

உங்கள் மகனுக்கு அது செய்யும் வேலை வேறு. என் ஊகத்தைச் சொல்கிறேன், நேரில் கேட்டுத்தான் உறுதி செய்ய முடியும். அவருடைய வேலைக்கு மணி அடிப்பதில்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். கடைசி மணி அடித்ததும் உடம்பு எப்படித் தளரும் என்று உங்களுக்குத் தெரியும். இலை பறிக்கிறவர்களுக்கும் எடை போட்டுச் சீட்டு வாங்கியதும் நாள் முடிந்துவிடுகிறது. இவருக்கு ஐரோப்பாவில் பகலாக இருக்கும்போது இங்கே கூட்டம், அமெரிக்காவில் பகல் ஆகும்போது இன்னொரு கூட்டம். கணினியை மூடினாலும் கைப்பேசியில் அது தொடர்கிறது. இன்றைக்கு இவ்வளவு போதும் என்று அவருடைய உடம்புக்குச் சொல்ல மனிதர் யாரும் இல்லாத இடத்தில் ஒரு குவாட்டர் அதைச் சொல்கிறது. பதற்றம் அடங்குகிறது, தூக்கமும் வருகிறது. நான்கைந்து மணி நேரத்தில் சாராயம் ரத்தத்தை விட்டு இறங்கும்போது, முன்பு சொன்ன ஆக்சிலரேட்டர் மட்டும் மிஞ்சி, 3 மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள விழித்துவிடுகிறார். பதற்றத்துக்காகக் குடித்தது பதற்றத்தையே வளர்க்கிறது. அதை அடக்க மாத்திரை. இந்த வட்டத்தில் குறை என்று விரல் வைத்துக் காட்ட எதுவும் இல்லை.

வளமான நாடுகளைப் பற்றி அவர் சொல்வது பொய்யில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், தலைக்கு அதிகமாக மது அருந்தும் பகுதி ஐரோப்பாதான். வசதி கூடக் கூட மது வாங்கும் திறனும் கூடுகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே அளவு குடித்தாலும் ஏழைக்குத்தான் சேதம் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவனுக்கு நல்ல சாப்பாடும் இல்லை, நேரத்துக்கு மருத்துவமும் இல்லை.

மனம் வெறுமையாகிவிட்டது, ஆன்மிகம் குறைந்துவிட்டது என்று இதற்கு ஒரு பதில் நம் மேடைகளில் தயாராக இருக்கும். அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பதிலில் கடைக்காரன் காணாமல் போய்விடுகிறான். 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லண்டன் நகரம் ஜின் என்ற மலிவான சாராயத்தில் மூழ்கிக் கிடந்தது. அந்நகரத்து மக்களின் மனம் திடீரென்று ஒரு தலைமுறையில் வெறுமையாகிவிடவில்லை. பிரெஞ்சு பிராந்திக்குப் போட்டியாக உள்நாட்டில் யாரும் சாராயம் காய்ச்சலாம் என்று அரசு கதவைத் திறந்துவிட்டது, விலை இறங்கியது, தெருவெல்லாம் விற்றார்கள். 1736-இல் கொண்டுவந்த கடுமையான சட்டம் பலிக்கவில்லை. 1751-இல் யார் விற்கலாம் என்பதை நெருக்கிப் பிடித்த சட்டமும், தானிய விலையேற்றமும் சேர்ந்தபோது வெள்ளம் வடிந்தது. நம் காலத்து உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1996-இல் அபின் வகையைச் சேர்ந்த ஒரு வலி மாத்திரையை, பழக்கமாகும் அபாயம் குறைவு என்று சொல்லி மருத்துவர்களிடம் விற்றார்கள். முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் அதை வாங்கிச் சாப்பிட்டவர்கள் போதையைத் தேடிப் போனவர்கள் அல்லர். விற்றவர்கள் தரப்பு 2007-இல் நீதிமன்றத்தில் தவறான தகவல் தந்த குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் மாத்திரையிலிருந்து ஹெராயினுக்கும், பிறகு அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபெண்டனிலுக்கும் பலர் போய்விட்டிருந்தார்கள். 2022-இல் அந்த நாட்டில் அளவு மீறிய போதைப்பொருளால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். நம் மாநிலத்தில் 2003-இலிருந்து சில்லறை மது விற்பனை அரசின் கையில் இருக்கிறது, அதில் வரும் வருவாய் இப்போது ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு பெரிய விற்பனையை ஒருபுறம் வைத்துக்கொண்டு, குடிப்பவனின் மனத்தை மட்டும் சோதிப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

நம் மலையில் இன்னொன்றும் உண்டு. கீழே இருந்து வருகிறவர்களுக்கு இது மறந்திருக்க வரும் இடம். வார இறுதியில் வண்டி வண்டியாக வந்து, சாலையோரம் குடித்து, பாட்டிலைச் சோலைக்குள் எறிந்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கண்ணாடிச் சில்லுகள் யானை உள்ளிட்ட விலங்குகளின் கால்களைக் கிழிப்பதால்தான், உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-இல் முதன்முதலாக நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் முறை வந்தது. உங்கள் வீட்டு ரகசியம் வெளியே வந்ததுகூட அதனால்தான். பழனி மலைப் பக்கம், கொடைக்கானலில், சட்டம் தடைசெய்த போதைக் காளானைத் தேடி வருகிற இளைஞர்களில் கையில் காசில்லாதவர்கள் குறைவு. விடுமுறை என்றால் போதை என்று அவர்கள் கற்றுக்கொண்டதை, அதைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் கடை எல்லோருக்கும் திறந்திருக்கிறது, எல்லோரும் குடிநோயாளி ஆவதில்லை. 2019-இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் மது அருந்துபவர்கள் 14.6 சதவீதம்தான், ஆண்களில் 27.3, பெண்களில் 1.6. அவர்களிலும் ஒரு பகுதியினரே விட முடியாத நிலைக்குப் போகிறார்கள். உங்கள் மாமனாரைப் பற்றி எழுதினீர்களே, அது இங்கே பொருத்தமானது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், குடிநோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருகிறது என்று காட்டுகின்றன. தாத்தாவின் கடனை அடைத்துவிட்டீர்கள், தாத்தாவின் உடம்புவாகு பேரனுக்கு வந்திருக்கலாம். இதைச் சொல்வது பழிபோட அல்ல. உங்கள் வளர்ப்பில் பிழை என்று நீங்கள் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது, அதற்காகச் சொல்கிறேன்.

மற்றப் பாதிக்குத்தான் சமூகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் சுனியா லூதர், 1990-களின் இறுதியில், நகரின் ஏழைப் பகுதியில் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவர்களையும் வசதியான புறநகரில் படிப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மது, கஞ்சா முதலியவற்றின் பழக்கமும் பதற்றமும் வசதியான பிள்ளைகளிடம்தான் அதிகம் இருந்தன. அவரே எதிர்பார்க்காத முடிவு இது. காரணம் தேடியபோது இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டன: எதிலும் முதலாவதாக வந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி, வீட்டுப் பெரியவர்களோடு ஒட்டில்லாமை. டீச்சர், இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். நம் மலையில் பச்சைத் தேயிலைக்கு விலை படுத்த ஆண்டுகளில், இந்தத் தோட்டத்தை நம்பாதே, படித்துக் கீழே போ என்று எல்லா வீட்டிலும் சொல்லித்தான் பிள்ளைகளை அனுப்பினோம். நானும் அப்படி அனுப்பப்பட்டவன்தான். போனவர்கள் வென்றார்கள். தோற்றால் எங்கே திரும்புவது என்பதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வளம் பக்கத்து வீட்டுக்கு வந்து தன் வீட்டைத் தாண்டிப் போனாலும் இதே போதைதான். ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1999-இலிருந்து 2013 வரை, அமெரிக்காவில் 45 முதல் 54 வயது வரையுள்ள வெள்ளையரிடையே இறப்பு விகிதம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. போதைப்பொருள், குடியால் கெட்ட ஈரல், தற்கொலை ஆகிய மூன்றும் அதில் பெரும் பங்கு வகித்தன. கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களிடம்தான் அது குவிந்திருந்தது. ஆலை மூடியது, திருமணம் நிலைக்கவில்லை, சங்கமும் தேவாலயமும் தேய்ந்தன. அவர்களும் பட்டினி கிடக்கவில்லை. தம்மால் ஆக வேண்டிய காரியம் என்று ஊரில் எதுவும் மிஞ்சவில்லை. பந்தயத்தில் முன்னால் ஓடுகிறவனுக்கு நிற்க இடமில்லை; ஓரமாகத் தள்ளப்பட்டவனுக்கு ஓட வழியில்லை. இருவரையும் ஒரே கடையில் பார்க்க முடிகிறது.

பழைய ஊர் சொர்க்கம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த ஊரிலும் குடித்தார்கள், அடி வாங்கிய பெண்கள் வெளியே சொல்ல வழியில்லாமல் இருந்தார்கள். ஆனால் அந்தக் குடிக்குக் குறுக்கே சில தடைகள் தாமாகவே இருந்தன. கையில் காசு நிற்காது, கடை தூரம், மறுநாள் விடியலில் கூட்டாளிகள் வந்து கதவைத் தட்டுவார்கள், சாவு வீட்டுக்கும் பண்டிகைக்கும் போகாவிட்டால் ஊர் கேட்கும். வசதி இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. எடுத்தபோது யாருக்கும் நஷ்டமாகத் தெரியவில்லை, விடுதலையாகத்தான் தெரிந்தது. ஒரு பாதி அது விடுதலையும்தான்.

இடம் மாறினால் பழக்கம் மாறுமா என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971-இல் அவர்கள் ஊர் திரும்பியபோது அரசு நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தொடர்ந்து சென்று பார்த்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம், மூன்று ஆண்டுகளில் 12 சதவீதம். மற்றவர்கள் மனைவி, வேலை, அண்டை அயல் என்று வேறொரு வாழ்க்கைக்குள் வந்ததும் அதை விட்டுவிட்டிருந்தார்கள். உங்கள் மகன் முதல் மூன்று வாரம் நன்றாக இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பிறகு ஏன் கெட்டது என்றால், அவர் ஊருக்கு வந்தாலும் தன் போர்க்களத்தை மடிக்கணினியில் மடித்துக் கையோடு கொண்டுவந்துவிட்டார். கதவைச் சாத்தினால் அது பெங்களூரு அறைதான், சன்னலுக்கு வெளியே மட்டும் தேயிலை.

கல்யாணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: கூடாது. இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாகப் பயன்படுத்த நமக்கு உரிமை கிடையாது. அந்த நம்பிக்கையில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள் என் அறையில் அழுதிருக்கிறார்கள், அவர்களில் சிலர் கைக்குழந்தையோடு. அவர் குடியை விட்டு ஓராண்டாவது நிலைத்து நின்ற பிறகு, பெண் வீட்டாரிடம் எதையும் மறைக்காமல் பேசுங்கள்.

பொடி அதைவிட மோசம். அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று பல நேரம் உறையில் எழுதியிருக்காது. இப்படித் தெரியாமல் கலந்து கொடுக்கப்படும் மருந்துகளில் டைசல்ஃபிரம் ஒன்று. நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுத்தால் அது பயனுள்ள மருந்துதான். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் உடலில் ஒரு நச்சுப்பொருள் தேங்கி, முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பார். தெரியாமல் சாப்பிட்டவருக்கு அந்தப் பயம் இல்லை, வழக்கம்போல் குடிப்பார், இதயம் நின்றுபோகவும் கூடும். பிழைத்துக்கொண்டாலும், அம்மா சோற்றில் மருந்து வைத்தாள் என்று தெரிந்த பிறகு உங்கள் கையால் அவர் எதைச் சாப்பிடுவார்? இரவில் வண்டியோடு வந்து ஆளைத் தூக்கிப்போகும் மையங்கள் பற்றியும் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். குடி, போதை சார்ந்த மனநிலைகளையும் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாகவே வைத்துப் பேசுகிறது. தன் சிகிச்சை பற்றித் தானே முடிவெடுக்கக்கூடியவரை அப்படிக் கட்டித் தூக்க அது இடம் தருவதில்லை.

குடிநோய் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். வசதி மிகுந்த தொழில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் இந்த நோய்க்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். என்ன குறை என்று ஊர் கேட்டிருக்கக்கூடிய வீடுதான் அதுவும். அங்கிருந்தும், அதுபோன்ற பிற இடங்களிலிருந்தும் எத்தனையோ பேர் தேறி வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியது. அவரோடு பேசுங்கள், ஆனால் மாலையில் பேசாதீர்கள். காலையில், அவர் அலுவலகக் கணினியைத் திறப்பதற்கு முன், நீங்கள் மட்டும் தனியாக, வீட்டில் பேசும் படுக மொழியிலேயே பேசுங்கள். தலைமையாசிரியைக் குரல் வேண்டாம். ஏன் குடிக்கிறாய் என்று தொடங்கினால் அவர் வழக்கறிஞராகிவிடுவார். கை நடுங்குவதைப் பார்த்தேன், 3 மணிக்கு விளக்கு எரிவதைப் பார்த்தேன், பயமாக இருக்கிறது, டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன் என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். முதல் நாள் மறுப்பார். நான்கு நாள் கழித்து, இதே சொற்களில், மறுபடியும் சொல்லுங்கள். நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மருந்து உண்டு என்பது பலரை மருத்துவமனை வாசல்வரை கொண்டுவந்திருக்கிறது. குடியை விடச் சம்மதிக்காதவர்கூட நல்ல தூக்கத்துக்குச் சம்மதிப்பார். இதற்கிடையில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்கு நீங்கள் பொய் சொல்லாதீர்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி நடுவில் நிறுத்தவும் வேண்டாம். வெட்கம் அவரை இன்னும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும்.

உதகை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், செலவும் இல்லை. ஊரில் தெரிந்துவிடும் என்று அவர் தயங்கினால் கோவைக்கு அழைத்துச் செல்லுங்கள். கிளம்புவதற்கு முன்பே பேசிக் கேட்க, அரசின் 14416 என்ற மனநல உதவி எண்ணும், போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறி ஆள் அடையாளம் தெரியாமல் போனாலோ, யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். உடம்பு தெளிந்த பிறகு ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. குடியை விட்டவர்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் உண்டு. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது இது, இன்று தமிழிலும் நடக்கிறது. மருத்துவனான எனக்கு ஆரம்பத்தில் அதில் நம்பிக்கை இருக்கவில்லை. அங்கே போய்த் தேறியவர்களைப் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டேன்.

குடி செய்துவந்த வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்காவிட்டால் இத்தனையும் நிற்காது. ஐஸ்லாந்து என்ற சின்னஞ்சிறு பணக்கார நாட்டில், 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியிருந்தார்கள். அங்கே அறிவுரைப் பிரசாரத்தை நம்பவில்லை. விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது, பெற்றோர் பிள்ளைகளோடு செலவழிக்கும் நேரத்தைக் கூட்டச் சொன்னார்கள், இரவு வெகுநேரம் பிள்ளைகள் வெளியே சுற்றத் தடை வந்தது, மது விளம்பரத்தை நிறுத்தினார்கள். 2016-இல் அந்த 42 சதவீதம் 5 ஆகிவிட்டது. உங்கள் மகன் பதின்வயதுப் பிள்ளை அல்ல, அவரை மைதானத்துக்கு அனுப்ப முடியாது. ஆனால் அவருடைய நாளுக்கு ஒரு கடைசி மணி வேண்டும். சிகிச்சைக்கு எடுக்கும் விடுப்பு முடிந்ததும், இரவு இத்தனை மணிக்கு மேல் கூட்டம் இல்லை என்று அலுவலகத்தில் அவரே கேட்டு வாங்கட்டும். பல நிறுவனங்களில் கேட்டால் கிடைக்கிறது. அவர் இல்லாவிட்டால் நடக்காத வேலை ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். இலைக்கணக்கை உங்கள் கணவர் இன்னும் நோட்டில் எழுதுகிறாரா? அதை மகனிடம் கொடுங்கள். தொழிற்சாலைக்கு இலை போகும் நேரத்தில் எடை பார்க்க அவர்தான் நிற்க வேண்டும் என்று வையுங்கள். மனதுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒப்புக்குக் கொடுக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார். பிழை செய்தால் கோபித்துக்கொள்ளும்படியான பொறுப்பாகவே அது இருக்கட்டும்.

நழுவி மறுபடி குடிக்கவும் கூடும். முதல் ஆண்டில் அது சாதாரணம், சர்க்கரை நோயாளி ஒரு கல்யாணச் சாப்பாட்டில் நழுவுவது போல. அன்றைக்கே மருத்துவரிடம் திரும்பி வந்தால் போதும்.

மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தூக்க மாத்திரை அட்டையைக் காலியாக இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பது முதல் நாளே தெரிய வேண்டும். கடைசியாக எப்போது குடித்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்டுச் சொல்லுங்கள். பாட்டில்களை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிடுங்கள், 430 ரூபாய் அவருக்குப் போகட்டும். எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.